இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏழு கோடி கோடி கோடி கோடி. தொண்ணூற்றிரண்டு இலட்சத்து இருபத்தெட்டாயிரத்து நூற்று அறுபத்திரண்டு கோடி கோடி கோடி. ஐம்பத்தொரு இலட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று கோடி கோடி. முப்பத்தேழு இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு கோடி. முப்பத்தொன்பது இலட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு.

இவ்வளவும் சேர்ந்து ஒரே ஓர் எண்ணின் பெயர். இலக்கங்களில் எழுதினால் 79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336 என்று நீளும். எண்ணிப் பார்த்தால் 29 இடங்கள். அநுயோகத்துவார சூத்திரத்திலும், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் கோம்மடசாரத்திலும் இவ்வெண் காணப்படுகிறது. உலகில் உள்ள பர்யாப்த மனிதர்களின் தொகை இதுவே என்பது அந்நூல்களின் கூற்று.

பர்யாப்தர் என்னும் சொல்லைப் பெரியோர் அறிவர். இளையோர் பொருட்டு ஒரு விளக்கம். ஆகாரம், சரீரம், இந்திரியம், உச்வாசம், பாஷை, மனம் ஆகிய ஆறு நிறைவுகளையும் பெற்ற மனிதர் பர்யாப்தர். அந்நிறைவை எய்தாமலே மடியும் நுண்ணிய மனித உயிர்களையும் சேர்த்துக் கொண்டால் தொகை அசங்கியாதம், அதாவது எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டது, ஆகிவிடும். பர்யாப்தர் மட்டும் சங்கியாதத்திற்குள், எண்ணி முடிக்கக்கூடிய வரம்பிற்குள், அடங்குவர். தேவகதியும் நரககதியும் அசங்கியாதம்; நிகோத உயிர்கள் அனந்தம். அவற்றோடு ஒப்பிட்டால் இருபத்தொன்பது இலக்கங்கள் என்பது மிகச் சிறிய தொகை. மனிதப் பிறவி அரியது என்று பொதுவாகச் சொல்வது எளிது. எவ்வளவு அரியது என்று அளந்து சொல்ல முற்பட்ட மரபின் எண் இது.

இனி அந்த எண்ணின் இயல்புக்கு வருவோம். 79-இல் தொடங்கி 336-இல் முடியும் அவ்வரிசையைக் காண்போர்க்கு அது தாறுமாறாகத் தோன்றும். உண்மையில் அதைவிட ஒழுங்கான எண்ணைக் காண்பது அரிது. இரண்டு என்னும் எண்ணைத் தவிர வேறெதனாலும் அது ஆக்கப்படவில்லை. இரண்டைத் தொண்ணூற்றாறு முறை வைத்துப் பெருக்கினால் வருவதே அது. பள்ளிக் கணக்கின் மொழியில் 2-இன் 96-ஆம் அடுக்கு.

தொண்ணூற்றாறு முறை பெருக்க வேண்டுமோ என்றால், வேண்டுவதில்லை. இரண்டை வர்க்கித்தால் 4. அதை வர்க்கித்தால் 16. அதை வர்க்கித்தால் 256. நான்காம் வர்க்கம் 65,536. ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. ஆறாம் வர்க்கம் 1,84,46,74,40,73,70,95,51,616. இத்தொடரை ஆசாரியர்கள் ‘துவிரூப வர்க்கதாரை’ என்றனர். இதன் பெரிய உறுப்புகளுக்குப் பிராகிருதத்தில் செல்லப்பெயர்களே உண்டு. 65-இல் தொடங்குவதால் நான்காம் வர்க்கம் ‘பண்ணட்டி’. 42-இல் தொடங்குவதால் ஐந்தாவது ‘பாதால’. ஒன்று, எட்டு என்று தொடங்குவதால் ஆறாவது ‘ஏகட்டி’. பாதால என்பதைப் பாதாளம் என்று படித்துவிடலாகாது. நாற்பத்திரண்டைக் குறிக்கும் பிராகிருதச் சொல் அது. நீண்ட எண்ணை நாவில் வைத்துக்கொள்ள முதலிரண்டு இலக்கங்களையே பெயராக்கிய உத்தி இன்றும் வியப்பளிக்கிறது.

ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் மனிதர் தொகை கிடைக்கும் என்பது அநுயோகத்துவாரம் கூறும் வழி. கோம்மடசாரமோ, ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்கிறது. இரண்டும் ஒன்றே. ஆறாம் வர்க்கம் என்பது ஐந்தாம் வர்க்கத்தைத் தன்னாலேயே பெருக்கியது. அதை மீண்டும் ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கினால் அது கனமாகத்தானே முடியும்? ஆறு வர்க்கங்கள், பின்னர் ஒரு பெருக்கல்: ஏழே பெருக்கல்களில் 96-ஆம் அடுக்கு கைக்கு வந்துவிடுகிறது. பேரடுக்குகளைக் காணக் கணினிகள் இன்று கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே.

மூன்றாவதாக ஒரு வரையறையும் உண்டு. தொண்ணூற்றாறு முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும் எண் இது என்பது அது. இவ்வாறு பாதியாக்கும் தடவைகளின் எண்ணிக்கைக்கு ‘அர்த்தச்சேதம்’ என்று பெயர். அர்த்தம் பாதி, சேதம் வெட்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகவே சிற்றெண்களைப் பகுத்து வாய்பாடு சொன்ன தமிழர்க்கு இம்முறை அந்நியமன்று. தவளா உரையை இயற்றிய வீரசேனாசாரியார் அர்த்தச்சேதத்திற்கு விதிகளையே தருகிறார். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். வகுத்தால் கழித்தால் போதும். ஐந்தாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 32, ஆறாம் வர்க்கத்தினது 64, கூட்டினால் 96. மேல்நிலைப் பள்ளியில் மடக்கை என்று கற்பிக்கப்படுவது இதுவே, இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை. ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-இல். வீரசேனரோ 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர். வீரசேனர் அட்டவணை போடவில்லை, தசமப் பின்னங்களுக்கு விரிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பெருமை பேசுவோர் இந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

இருபத்தொன்பது இலக்கங்கள் என்பதைக் கணிப்பொறி இன்றியே சரிபார்க்கலாம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024, ஏறத்தாழ ஆயிரம். ஆகவே தொண்ணூறு முறை பெருக்கினால் ஆயிரத்தை ஒன்பது முறை பெருக்கியதற்குச் சற்றுக் கூடுதல். ஒன்றுக்குப் பின் 27 சுழியங்கள் கொண்ட எண்ணைப் போல ஒன்றேகால் மடங்கிற்குச் சிறிது குறைவு. எஞ்சிய ஆறு பெருக்கல் 64. அறுபத்து நான்கை ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவானதால் பெருக்கினால் 79 வருகிறது. எண்ணின் முதலிரண்டு இலக்கங்கள் 7, 9 என்பது மனக்கணக்கிலேயே தெரிந்துவிட்டது. பின் 27 இடங்கள், ஆக 29.

இறுதி இலக்கம் 6 ஆவதும் தற்செயல் அன்று. 16-ஐ எத்தனை முறை 16-ஆல் பெருக்கினாலும் ஈற்றில் 6-தான் நிற்கும். இவ்வெண் 16-இன் 24-ஆம் அடுக்கு. 96-ஐ 2, 3, 4, 6, 8 முதலியன மீதியின்றி வகுப்பதால், இவ்வெண் ஒரே வேளையில் முழு வர்க்கமாகவும், முழுக் கனமாகவும், நான்காம், ஆறாம், எட்டாம் அடுக்காகவும் விளங்குகிறது. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 97 மட்டுமே; இத்துணைப் பெரிய எண்ணுக்கு அது வியக்கத்தக்க சிறு தொகை. அவற்றுள் இவ்வெண்ணை நீக்கி மற்ற 96-ஐயும் கூட்டினால் இவ்வெண்ணுக்கு ஒன்றே ஒன்று குறையும். அந்த ஒன்று குறைந்த எண்ணோ முற்றிலும் வேறு குணமுடையது: 3, 5, 7, 9, 13, 17 அனைத்தும் அதை மீதியின்றி வகுக்கும். 97-உம் வகுக்கும். 97 ஒரு பகா எண் ஆதலால், இரண்டின் 96-ஆம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி ஒன்றே வரவேண்டும் என்பது பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி.

இவ்விடத்தில் ஏடெழுதுவோரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓலையிலிருந்து ஓலைக்கு இருபத்தொன்பது இலக்கங்களைப் படியெடுக்கும்போது ஒன்று பிறழ்ந்தால் என்ன ஆகும்? சாதாரணமான பேரெண் என்றால் பிழை பிழையாகவே நிலைத்துவிடும். இந்த எண் அப்படிப்பட்டதன்று. பிழையான இலக்கத்தோடு பாதியாக்கத் தொடங்கினால் எங்கேனும் ஓரிடத்தில் ஒற்றைப்படை எண் வந்து தடுக்கும். ஒன்றில் சென்று முடியாது. மேலும், 29 இலக்கங்களையும் கூட்டினால் 127. அதை ஒன்பதால் வகுக்க மீதி 1. இரண்டின் ஆறாம் அடுக்கான 64-ஐ ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1. 96 என்பது ஆறின் பதினாறு மடங்கு. ஆகவே இது பொருந்துகிறது. வர்க்கங்களின் பெருக்கம், பாதியாக்கும் தடவை, இலக்க வரிசை என்று ஒரே எண்ணை மூன்று வழியில் சொல்லி வைத்ததனால், ஒன்று சிதைந்தாலும் மற்ற இரண்டும் அதை மீட்டுத் தரும்.

கோம்மடசாரத்தில் இலக்க வரிசை எழுத்துகளிலேயே அமைந்திருக்கிறது. ஒரு காதையின் 29 எழுத்துகளும் கடபயாதி முறைப்படி 29 இலக்கங்கள். முதலெழுத்து ஒன்றாம் இடத்தைக் குறிக்கும். ஆகவே முதலெழுத்தான ‘த’ 6, ஈற்றெழுத்தான ‘ஸ’ 7. காதையை மனப்பாடம் செய்த மாணவர் எண்ணையும் மனப்பாடம் செய்தவர் ஆகிறார். ஆனால் இக்காதையைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதினால் எண் அழிந்துபோகும். ககரத்தின் இரண்டாம் ஒலிக்கு மதிப்பு 2, மூன்றாம் ஒலிக்கு 3; தமிழில் இரண்டும் ‘க’ தான். தகர வரிசையில் முதல் ஒலி 6, நான்காம் ஒலி 9. தமிழில் இரண்டும் ‘த’ தான். தமிழ்ச் சமணர் ஆகம ஏடுகளைக் கிரந்த எழுத்தில் எழுதிப் போற்றியதன் பயன்களுள் இதுவும் ஒன்று எனக் கருதலாம். பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிரந்த ஏடுகள் கிடக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் அருகிவிட்டனர்.

இதுவரை சொன்னவை எண்ணின் அழகு. அவ்வெண் ஏற்கத்தக்கதா என்னும் வினா ஒன்று உண்டு. அதை எழுப்பியவர் வெளியார் அல்லர், வீரசேனாசாரியாரே.

ஷட்கண்டாகமத்தில் பூதபலி ஆசாரியரின் சூத்திரம், பர்யாப்த மனிதருள் மித்தியாதிருஷ்டிகளின் தொகைக்கு இரண்டு எல்லைகளை வகுக்கிறது. கோடி கோடி கோடிக்கு மேல், கோடி கோடி கோடி கோடிக்குக் கீழ் என்பது ஒன்று. ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பது மற்றொன்று. மனிதருள் பெரும்பகுதியினர் மித்தியாதிருஷ்டிகளே ஆதலால், இவ்வெல்லைகள் மனிதர் தொகைக்கும் ஏறத்தாழப் பொருந்தும். இரண்டின் 96-ஆம் அடுக்கு, ஆறாம் வர்க்கத்திற்கும் ஏழாம் வர்க்கத்திற்கும் இடையே அமைகிறது. அந்த எல்லையில் சிக்கல் இல்லை. கோடிக் கணக்கில்தான் சிக்கல். கோடி கோடி கோடி கோடி என்பது ஒன்றுக்குப் பின் 28 சுழியங்கள். அதுவும் 29 இடங்கள் கொண்ட எண்ணே. இடங்களை மட்டும் எண்ணுவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் மனிதர் தொகை என்று சொல்லப்பட்டதன் முதல் இலக்கம் 7. சூத்திரம் வகுத்த மேல் எல்லையை அது ஏறத்தாழ எட்டு மடங்கு மிஞ்சிவிடுகிறது.

வீரசேனர் இதைக் கண்டார். கண்டபின் இரண்டு ஆசாரியர் கூற்றுகளையும் எப்படியாவது இசைத்துவிட வேண்டும் என்று சொற்சிலம்பம் ஆடவில்லை. அளந்து பார்த்தார். மனிதர் வாழும் உலகின் பரப்பைக் கணக்கிட்டு, அத்துணைப் பேர் அதற்குள் அடங்க மாட்டார்கள் என்று காட்டி, 29 இலக்கக் கருத்து பொருந்தாது என்றார்.

அக்கணக்கைப் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவர் தாளில் போட்டுப் பார்க்கலாம். மனிதர் வாழ்வது இரண்டரைத் தீவுகளில்: ஜம்புத்தீவு, தாதகீ கண்டம், புஷ்கரத் தீவின் பாதி. இடையில் லவண சமுத்திரமும் காளோத சமுத்திரமும். இவை அனைத்தும் சேர்ந்த வட்டத்தின் விட்டம் 45 இலட்சம் யோசனை. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்பதே சுற்றளவு என்னும் ஆகம விதிப்படி சுற்றளவு 1,42,30,249 யோசனை. சுற்றளவை விட்டத்தின் கால்பகுதியால் பெருக்கினால் பரப்பு 1,60,09,03,01,25,000 சதுர யோசனை. ஒரு யோசனைக்கு 8,000 வில். ஒரு வில்லுக்கு 96 அங்குலம். ஆக ஒரு யோசனைக்கு 7,68,000 அங்குலம். இது பிரமாண அங்குலம். உடலை அளக்கும் உத்சேத அங்குலத்தைப் போல அது 500 மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கி, வந்த பரப்பை 29 இலக்க எண்ணால் வகுத்தால், ஒரு மனிதர்க்குக் கிடைக்கும் இடம் முப்பது சதுர உத்சேத அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. ஒரு முழம் என்பது 24 அங்குலம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஐந்தரை அங்குல நீளம், ஐந்தரை அங்குல அகலம்: உள்ளங்கை ஊன்றும் இடம். அதிலும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இரு கடல்களுக்கே போய்விடும். அங்கே மலை எங்கே, ஆறு எங்கே, நகரம் எங்கே, நடப்பதற்கு வழி எங்கே?

தொகையை மட்டும் சொல்லிவிட்டு உலகின் அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவராலும் மறுக்க முடியாது. அளவைச் சொல்லி, அளவையின் உட்பிரிவுகளையும் அங்குலம் வரை சொல்லி வைத்ததனால்தான் ஒரு கூற்றைக் கொண்டு மற்றொரு கூற்றைச் சோதிக்க முடிந்தது. பெரிய எண்களைக் கூறிய பழைய நூல்கள் உலகில் பல. தாம் கூறிய எண்ணைத் தம் அளவுகோலாலேயே சோதித்துப் பார்த்து, இது அடங்காது என்று எழுதிவைத்த உரையாசிரியர் மிகச் சிலர்.

நேமிசந்திரர் வீரசேனருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்தவர். சிரவணபெளகொளவில் கோம்மடேசுவரரைப் படைப்பித்த சாமுண்டராயரின் குரு. ஷட்கண்டாகமத்தையும் தவளாவையும் சாரமாக்கித் தந்ததே கோம்மடசாரம். வீரசேனரின் மறுப்பு இருந்தும், அதில் 29 இலக்க எண் இடம்பெற்றுள்ளது. ஒருவர் மறுத்ததை மற்றவர் காதையில் பொதிந்து வைத்தார். பின்வந்த திகம்பர மரபு இரு நூல்களையும் தலைமேல் வைத்துப் போற்றுகிறது. ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை எவரும் திருத்தவில்லை. ஆகமம் என்றாலே ஒரே குரல் என்று நினைப்போர்க்கு இது சற்று இடர் தரும் செய்தி. படிப்போர்க்கோ இதைவிடச் சுவையான பகுதி இல்லை.

தவளா உரை பல நூற்றாண்டுகள் மூடபிதுரியின் பண்டாரத்தில் ஓலைகளாக அடைபட்டுக் கிடந்தது. ஹீராலால் ஜெயின் அவர்கள் பதிப்பித்த முதல் தொகுதி 1939-இல் அமராவதியிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1929-இல், விபூதிபூஷண் தத்தர் ஜைனக் கணிதம் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். ஆனால் தவளா அப்போது அச்சில் இல்லை. பின்னர், லக்னௌ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங், தவளாவின் கணிதத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அப்பதிப்பிலேயே இடம்பெற்றது. வீரசேனர் எழுப்பிய தடையை அவரும் எடுத்துக்காட்டுகிறார்.

இன்றைய இளைஞர்க்கு இவ்வர்க்கத் தொடர் வேறோர் இடத்தில் அறிமுகமாகியிருக்கும். இணையத்தில் இணையும் கருவிகளுக்கு முகவரி தர முதலில் வகுக்கப்பட்ட முறையில் இருந்த மொத்த முகவரிகள் 4,29,49,67,296; அதாவது ஐந்தாம் வர்க்கம், பாதால. அவை தீர்ந்துபோகும் நிலை வந்தபோது வகுக்கப்பட்ட புதிய முறையின் முகவரிகள் இரண்டின் 128-ஆம் அடுக்கு. அதாவது ஏழாம் வர்க்கம், சூத்திரம் சொன்ன மேல் எல்லை. சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று தானியம் வைக்கும் பழங்கதையின் கூட்டுத்தொகையோ ஆறாம் வர்க்கத்திற்கு ஒன்று குறைவு. சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் சமண வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் எண்கள் இவை. அவற்றின் பிராகிருதப் பெயர்கள் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

கோம்மடசாரத்தில் அந்த எண்ணை அடுத்து வரும் காதை பெண்களைப் பற்றியது. பர்யாப்த மனிதருள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பது அதன் கூற்று. இரண்டால் மட்டுமே ஆன எண் ஆதலால் நான்காகப் பகுத்தாலும் மீதி விழுவதில்லை. ஒரு பங்கு இரண்டின் 94-ஆம் அடுக்கு. அதன் மும்மடங்கு 59,42,11,21,88,56,98,25,31,95,15,79,62,752. இதுவும் 29 இலக்கங்களே. இதையும் கோடி கோடியாகப் பிரித்து வாய்விட்டுப் படிக்க விரும்பும் சிறுவர் சிறுமியர், வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கங்களாக வெட்டிக்கொண்டு தொடங்கலாம்.